ஃப்ரிட்ஜ் வாங்கப் போகிறீர்களா? கரன்ட் பில்லையும் மாவுப் பாத்திரத்தையும் முதலில் பாருங்கள்

ஆடி பிறந்துவிட்டால் போதும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று டெல்டாவில் எந்த ஊருக்குப் போனாலும் வீட்டு உபயோகப் பொருள் கடைகளின் வாசலில் தள்ளுபடி பேனர் தொங்கும். உள்ளே நுழைந்ததும் வரும் முதல் கேள்வி, "எத்தனை லிட்டர் பாக்குறீங்கக்கா?" அடுத்த கேள்வி, "நீலமா, சிவப்பா?" பத்து நிமிடத்தில் பூப்போட்ட கதவுக்கு முன்னால் குடும்பமே நின்று தலையாட்டிக்கொண்டிருக்கும்.

மற்ற சாமான்களை இப்படி வாங்கினால் பெரிய நஷ்டம் இல்லை. மிக்ஸி ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் ஓடும். கிரைண்டர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓடினால் அதிகம். ஃப்ரிட்ஜ் அப்படியல்ல. வாங்கி வைத்த நாளிலிருந்து பத்துப் பதினைந்து வருடம், தூங்கும்போதும் ஊருக்குப் போகும்போதும், சுவிட்சை அணைக்காமல் வீட்டில் இருக்கும் சாமான் அது ஒன்றுதான். வாங்கும் அன்று கொடுக்கும் பணத்தோடு அதன் செலவு முடிவதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

டெல்டா வீடுகளில் ஃப்ரிட்ஜுக்கு முக்கிய வேலை என்ன என்று கேட்டால், ஐஸ்க்ரீமும் இல்லை, ஐஸ் தண்ணீரும் இல்லை. இட்லி மாவு. 2011இல் அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்த பிறகு, ஆட்டுக்கல்லை ஓரங்கட்டாத வீடு கிராமத்தில்கூட அபூர்வம். நான்கு நாளைக்கான மாவை ஒரே தடவையில் அரைக்க கிரைண்டர் வந்துவிட்டது. அரைத்ததைப் புளிக்காமல் வைத்துக்கொள்ளும் பெட்டியைத்தான் அவரவர் கைக்காசைப் போட்டு வாங்க வேண்டியிருந்தது.

வருஷக் கணக்கை ஆறால் வகுங்கள்

கடையில் ஃப்ரிட்ஜின் கதவில் ஸ்டார் லேபிள் ஒட்டியிருக்கும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2006இல் தொடங்கிய திட்டம் இது. ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜுகளுக்கு 2010இல் கட்டாயமானது. எல்லோரும் ஸ்டாரை எண்ணுகிறார்கள். அதைவிட முக்கியம், ஸ்டாருக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண். ஓர் ஆண்டுக்கு அந்த ஃப்ரிட்ஜ் எத்தனை யூனிட் இழுக்கும் என்று அது சொல்கிறது.

தமிழ்நாட்டில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், அந்த எண்ணை 6ஆல் வகுத்தால் உங்கள் வீட்டுக் கணக்கு கிடைத்துவிடும். லேபிளில் 240 என்று இருந்தால் ஒரு பில்லுக்கு 40 யூனிட். 150 என்று இருந்தால் 25 யூனிட். சோதனைக்கூடத்தில் எடுத்த கணக்கு என்பதால், சித்திரை வெயிலில் பிள்ளைகள் நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறக்கும் வீட்டில் கொஞ்சம் கூடத்தான் ஓடும். ஆனாலும் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட இதைவிட நல்ல வழி கிடையாது.

இந்த இரண்டு ஃப்ரிட்ஜுக்கும் விலையில் 4,000 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் பணம் கொடுக்கலாமா, வேண்டாமா? கடைக்காரர் "5 ஸ்டார்தான் எடுக்கணும்" என்பார். அது உங்கள் வீட்டுப் பில்லைப் பொறுத்தது.

முதல் வீட்டில் வயதான தம்பதி மட்டும் இருக்கிறார்கள். இரண்டு விளக்கு, இரண்டு மின்விசிறி, ஒரு டி.வி. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் இருக்கிறது. ஃப்ரிட்ஜையும் சேர்த்து இவர்கள் 130, 140 யூனிட்டில் நிற்பார்கள். அந்த இடத்தில் யூனிட் விலை குறைவு. இரண்டரை ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், 15 யூனிட் மிச்சத்தில் ஒரு பில்லுக்கு 40 ரூபாய்கூடத் தேறாது. வருடத்துக்கு 225 ரூபாய். போட்ட 4,000 திரும்பி வரப் பதினேழு, பதினெட்டு வருடம் ஆகும். அதற்குள் ஃப்ரிட்ஜே போய்ச் சேர்ந்துவிடும். இவர்களுக்கு 3 ஸ்டார் தாராளமாகப் போதும்.

இரண்டாவது வீட்டில் ஒரு ஏ.சி., தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின் எல்லாம் உண்டு. பில் 490, 500 யூனிட் பக்கம் ஊசலாடுகிறது. இங்கே யூனிட் ஆறு ரூபாய்க்கு மேல். அதே 15 யூனிட் வருடத்தில் 585 ரூபாய் மிச்சம் பிடிக்கும். ஏழு வருடத்துக்குள் கூடுதல் பணம் திரும்பிவிடும்.

இதில் இன்னொரு சங்கதியும் ஒளிந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டண அமைப்பில், 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த சலுகை விலை போய்விடுகிறது. 501ஆவது யூனிட் ஓடியதுமே பில் 200 ரூபாய்க்கு மேல் குதிக்கும். அந்தக் கோட்டின் மேல் நிற்கும் வீட்டுக்கு, நல்ல ஃப்ரிட்ஜ் மிச்சப்படுத்தும் 15 யூனிட் சாதாரண 15 யூனிட் அல்ல. எனவே கடைக்குக் கிளம்பும்போது கடைசி ஆறு பில்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். கடைக்காரர் சொல்லும் எதைவிடவும் அது உதவும்.

ஸ்டார் விஷயத்தில் இன்னும் ஒன்று. அதற்கான அளவுகோலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இறுக்குகிறார்கள். சில வருடங்களுக்கு முன் 5 ஸ்டார் வாங்கிய அதே ஃப்ரிட்ஜ் இன்றைய அளவுகோலில் 3 ஸ்டாருக்கே திணறலாம். அந்த ஸ்டார் எந்த ஆண்டுகளுக்கானது என்பதும் லேபிளிலேயே இருக்கும். பெரிய தள்ளுபடி என்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

டேப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் குளிர் தானாக இறங்குகிறது. ஃப்ரீசரில் ஐஸ் கட்டும். அவ்வப்போது பட்டனை அழுத்தி உருக்க வேண்டும். டைரக்ட் கூல் என்பது இதுதான். இரட்டைக் கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் ஒரு சின்ன விசிறி குளிர்காற்றைச் சுற்றிவிடுகிறது. படியும் உறைபனியை உள்ளே இருக்கும் ஹீட்டர் உருக்கிவிடுகிறது. வசதிதான், ஆனால் விசிறிக்கும் ஹீட்டருக்கும் கரன்ட் வேண்டும். காற்று சுற்றுவதால் மூடாமல் வைத்த கீரையும் கறிவேப்பிலையும் சீக்கிரம் வதங்கும்.

காய்கறிக்கு உழவர் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது, மீனோ கறியோ வாங்கினால் அன்றே சமைத்துவிடுவோம் என்கிற நான்கு பேர் குடும்பத்துக்கு 190, 200 லிட்டர் ஒற்றைக் கதவு போதும். ஞாயிற்றுக்கிழமை நாகப்பட்டினத்து மீனை மொத்தமாக வாங்கி வாரம் முழுக்க வைத்துக்கொள்கிற வீட்டுக்கோ, வேலைக்குப் போகிற இருவரும் சனிக்கிழமை வாரச் சாமானை அடுக்குகிற வீட்டுக்கோ, தனி ஃப்ரீசர் உள்ள 250 லிட்டருக்கு மேற்பட்டதுதான் சரி. கூட்டுக்குடும்பத்துக்கு 350 லிட்டர். "விருந்தாளி வந்தா வேணுமே" என்று பெரிதாக வாங்குவது, வருடத்துக்கு நான்கு நாள் விருந்துக்காக 361 நாள் காலி இடத்தைக் குளிரவைக்கும் வேலை.

லிட்டரிலும் இரண்டு எண் உண்டு. மொத்தக் கொள்ளளவு ஒன்று, சாமான் வைக்க உதவும் கொள்ளளவு இன்னொன்று. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் எண். லேபிளில் இரண்டாவதைத் தேடுங்கள்.

அதையும்விட உருப்படியான அளவு ஒன்று இருக்கிறது. வீட்டில் மாவு வைக்கும் எவர்சில்வர் பாத்திரத்தின் உயரம். அதை டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு போய், தட்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளியோடு ஒப்பிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு தூக்குவாளி நுழையாமல், ஒரு தட்டையே கழற்றிப் பரண் மேல் போட்டுவிட்டுப் பாதி ஃப்ரிட்ஜைப் பயன்படுத்தும் வீடுகள் ஏராளம். பழைய ஓட்டு வீடாக இருந்தால் நிலைக்கதவின் அகலத்தையும் அளந்துவிடுங்கள். முற்றத்தைத் தாண்டிக் கூடத்துக்குள் போக முடியாமல் ஃப்ரிட்ஜ் தாழ்வாரத்தில் குடியேறும் கதையும் டெல்டாவில் புதிதல்ல.

"இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ்" என்ற சொல்லில் பலருக்கும் குழப்பம். வீட்டில் பேட்டரியோடு இருக்கும் இன்வெர்ட்டருக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. பழைய கம்ப்ரஸர் முழு வேகத்தில் ஓடும், அல்லது நிற்கும். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். கரன்ட் மிச்சம், சத்தம் குறைவு. கிளம்பும்போது மொத்தமாக இழுக்காது என்பதால் வீட்டு இன்வெர்ட்டரிலும் சுலபமாக ஓடும்.

பத்து வருட வாரன்டி என்று போட்டிருந்தால், அது பொதுவாகக் கம்ப்ரஸருக்கு மட்டும். கேஸ் நிரப்புவது, வந்து போகும் கூலி, கதவு ரப்பர் எல்லாம் அதற்குள் வருமா என்று பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். தஞ்சாவூரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்பது பேராவூரணிப் பக்கத்துக் கிராமத்துக்கு ஆள் வருவார் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. எந்த கம்பெனி மெக்கானிக் உங்கள் ஊர்ப் பக்கம் வந்து போகிறார் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து வாங்குவது புத்திசாலித்தனம்.

கரன்ட் போன பிறகு

டெல்டாவில் ஃப்ரிட்ஜைப் பற்றிப் பேசும்போது கரன்ட் இல்லாத நாட்களை விட்டுவிட்டுப் பேச முடியாது. 2012இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அது முடிந்து ஆறு வருடத்தில் கஜா வந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னை மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. ஏறத்தாழ ஒரு லட்சம் கம்பங்கள். நகரங்களில் சில நாட்களிலும், பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் வாரங்கள் கழித்தும்தான் கரன்ட் திரும்பியது. அத்தனை நாளும் ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரி. மாவும் பாலும் போனது பெரிதல்ல. இன்சுலின் வைத்திருந்த வீடுகளுக்கு அது கவலையான காலம்.

எனவே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புயல் எச்சரிக்கை வந்தவுடன் செய்ய வேண்டிய வேலைகள் உண்டு. முதல் நாளே குமிழைக் கடுங்குளிரில் வையுங்கள். காலி பாட்டில்களில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி ஃப்ரீசர் நிறைய அடுக்குங்கள். உறைந்ததும் பாதியைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டு, காலியான இடத்தில் புதிய பாட்டில்களை வைக்கலாம். கரன்ட் போன பிறகு இவைதான் கம்ப்ரஸர்.

கரன்ட் போனதும் கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி சுமார் நான்கு மணி நேரம் பாதுகாப்பான குளிரில் நிற்கும். நிறைந்திருக்கும் தனி ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம் தாங்கும் என்பது பொதுக்கணக்கு. நம் ஊர் வெக்கையில், அதுவும் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் சின்ன ஃப்ரீசரில், அதைவிடக் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகிறவர்களுக்கு ஒரு சின்ன வித்தை. ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் வைத்து, உறைந்ததும் அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் பிரச்சினை இல்லை. டம்ளரின் அடியில் கிடந்தால், நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். மீனையும் கறியையும் யோசிக்காமல் கொட்டிவிடலாம்.

இன்சுலினை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் வைக்க வேண்டும். நல்ல குளிரில் இருக்கட்டும் என்று ஃப்ரீசருக்கு அடியில் உள்ள தட்டிலோ பின்சுவரை ஒட்டியோ வைப்பது பெரிய தவறு. ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் பயன்படாது. நடுத்தட்டில், ஒரு டப்பாவுக்குள் வையுங்கள். பயன்பாட்டில் இருக்கும் பேனாவை வெளியிலேயே சில வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று அதன் உறையில் போட்டிருக்கும். எத்தனை நாள், எத்தனை டிகிரி என்பது மருந்துக்கு மருந்து மாறும். டாக்டரிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டால், பதற்றமான நேரத்தில் உதவும்.

ஃப்ரிட்ஜ் இல்லாத நேரத்தில் இன்சுலினுக்கு மண்பானை கைகொடுக்கும். பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல், மேலே ஈரத்துணி. தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் குறையும். காற்று காய்ந்திருக்கும் கோடையில் இது நன்றாக வேலை செய்யும். மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவு குளிராது. ஆனால் அப்போது வெயிலும் அந்த அளவுக்கு இருக்காது என்பது ஆறுதல்.

வீட்டு இன்வெர்ட்டரில் ஃப்ரிட்ஜ் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. வருடத்துக்கு 180 யூனிட் இழுக்கும் ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு அரை யூனிட்தான் செலவழிக்கிறது. 150 ஆம்பியர் பேட்டரியில் ஏட்டளவில் 1.8 யூனிட் இருக்கும். பாதிதான் கைக்கு வரும் என்றாலும், விளக்கு, மின்விசிறி எதுவும் போடாமல் இருந்தால், ஒரு நாளைக்கு மேல் ஓடும். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் மாட்டினால் கம்ப்ரஸர் முனகும், சூடாகும்.

கரன்ட் திரும்பும் நேரம்தான் ஆபத்தான நேரம். வந்து, போய், மறுபடி வரும். வோல்டேஜும் ஏறி இறங்கும். போனதும் ஃப்ரிட்ஜ் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்து ஐந்து, பத்து நிமிடம் நிலையாக நின்ற பிறகு போடுங்கள். 'ஸ்டெபிலைசர் தேவையில்லை' என்று எழுதியிருந்தால், எந்த வோல்டேஜிலிருந்து எது வரை என்பதும் பக்கத்தில் இருக்கும். ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து தூரத்தில், லைனின் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு, பம்புசெட் ஓடும் நேரத்தில் அந்த எல்லையும் போதாமல் போகலாம். அங்கே தனி ஸ்டெபிலைசர் வீண் செலவு அல்ல.

ராத்திரி அணைக்கலாமா?

"ராத்திரி யாரு தொறக்கப் போறா? அணைச்சிட்டுப் படும்மா. கரன்ட் மிச்சம்."

"அணைச்சா மாவு பொங்கி வழிஞ்சிடும் அத்தை."

இந்த உரையாடல் நடக்காத வீடு குறைவு. மருமகள் சொல்வதுதான் சரி. நாளைக்கு அரை யூனிட் என்றால், எட்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்கு. அதிலும் பெரும்பகுதி, காலையில் சூடேறிய உட்பக்கத்தை மறுபடி குளிரவைக்கச் செலவாகிவிடும். மிச்சமாவது சில பைசா. கெட்டுப்போவது ஒரு லிட்டர் பால்.

உண்மையான மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. பழைய ஃப்ரிட்ஜுகளில் பின்னால் கறுப்புக் கம்பிச் சட்டம் தெரியும். வெப்பம் அதன் வழியாக வெளியேறும். இப்போதைய பல மாடல்களில் அந்தக் குழாய்கள் பக்கச் சுவருக்குள் இருக்கின்றன. அதனால்தான் பக்கவாட்டில் கை வைத்தால் சுடுகிறது. பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சூடு போக இடம் வேண்டும். பின்னாலும் பக்கங்களிலும் நான்கு விரற்கடை இடைவெளியாவது விடுங்கள். அடுப்புக்குப் பக்கத்திலும், பிற்பகல் வெயில் காயும் மேற்குச் சுவரை ஒட்டியும் வேண்டாம். எம்ப்ராய்டரி போட்ட உறை, மேலே அடுக்கிய அட்டைப்பெட்டிகள் எல்லாம் அழகுதான். கோடையில் மனிதருக்குக் கம்பளி போர்த்துவது போல.

அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் எலி வீட்டுக்குள் வரும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் கதகதப்பு அதற்குப் பிடித்த இடம். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இழுத்து, ஒட்டடையைத் துடைத்து, ஒயரில் பல் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கி மாட்டும் வேலையை மட்டும் எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள். ஃப்ரிட்ஜைத் தொட்டால் லேசாக 'ஷாக்' அடிக்கிறது என்றால் அது எர்த் சரியில்லை என்ற எச்சரிக்கை. ஈரக்கையோடு கதவைத் திறக்கும் இடம் அது.

கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு பத்து ரூபாய் நோட்டு போதும். கதவில் பாதி, வெளியில் பாதி தெரியும்படி வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. பல சமயம் ரப்பரில் ஒட்டிய மாவும் அழுக்கும்தான் காரணம். சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே சரியாகிவிடும்.

குமிழில் உள்ள எண்ணும் பலரை ஏமாற்றும். 7 என்றால் அதிகக் குளிர், 1 என்றால் குறைவு. உள்ளே 4 டிகிரி இருந்தால் போதும். கோடையில் நடு எண், மார்கழியில் அதற்கும் கீழே. ஃப்ரீசரில் ஐஸ் அரை சென்டிமீட்டர் சேர்ந்ததும் உருக்கிவிடுங்கள். அதற்கு மேல் சேர்ந்தால் அது குளிருக்குப் போர்வை ஆகிவிடும். கத்தியால் மட்டும் சுரண்டக் கூடாது. இப்போதைய ஃப்ரிட்ஜுகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் என்ற எரியக்கூடிய வாயு இருக்கிறது. மெல்லிய தகடு ஓட்டையானால் ஃப்ரிட்ஜும் போச்சு, ஆபத்தும் வந்தது. 'ஸ்ஸ்' என்ற சத்தம் கேட்டால் எந்த சுவிட்சையும் தொடாமல் ஜன்னல், கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

எதற்கு இடம், எதற்கு இல்லை

சூடான சாம்பாரை அப்படியே உள்ளே வைத்தால் பக்கத்தில் இருக்கும் பாலும் சூடாகும். ஆறட்டும் என்று மத்தியானம் முழுக்க வெளியே வைத்தால் சாம்பார் கெடும். அகலமான பாத்திரத்தில் மாற்றி, தண்ணீர்த் தட்டில் வைத்தால் அரை மணியில் ஆறிவிடும். பிறகு மூடி உள்ளே வைக்கலாம். சித்திரை, வைகாசியில் சமைத்த பண்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்க வேண்டாம்.

மாவு முழுவதையும் தினம் வெளியே எடுத்து, இரண்டு கரண்டி எடுத்துவிட்டு, மறுபடி உள்ளே வைப்பதுதான் அது புளிப்பதற்கு முக்கியக் காரணம். அரைத்த அன்றே இரண்டு மூன்று சின்னப் பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். மாவு பொங்கும் என்பதால் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். உப்பை அன்றன்றைக்கு எடுக்கும் பாத்திரத்தில் போட்டுக்கொள்ளலாம்.

வாழைப்பழத்துக்கு ஃப்ரிட்ஜ் ஆகாது. 13 டிகிரிக்குக் கீழே போனால் பூவன் பழத்தின் தோல் கறுத்துவிடும், பழுப்பதும் நின்றுவிடும். உருளைக்கிழங்கை வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது கறுக்கும். தக்காளி வாசனை இழக்கும். வெங்காயம் ஈரத்தில் அழுகும். இவற்றை வெளியே எடுத்துவிட்டாலே 'இன்னும் பெருசா வாங்கியிருக்கலாம்' என்ற புலம்பல் பாதி குறைந்துவிடும். கறிவேப்பிலை, கொத்தமல்லியைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, காகிதத்தில் சுற்றி டப்பாவில் வைத்தால் பத்து நாள் பச்சையாக இருக்கும். மல்லிகைப் பூவுக்கு வாழை இலைச் சுருளைவிட நல்ல டப்பா இன்னும் வரவில்லை.

மீதிச் சோறு ஃப்ரிட்ஜில் விறைத்துக் குச்சி குச்சியாகிவிடும். குளிரில் அரிசி மாவுச்சத்து இறுகுவதால் அப்படி. நெல் விளையும் ஊரில் அதற்கு வேறு வழி எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். ராத்திரியே தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழையது. பச்சை மிளகாயோ, வத்தலோ தொட்டுக்கொள்ளப் போதும். யூனிட் செலவும் இல்லை.

பழையதை என்ன செய்வது?

புதிது வந்ததும் பழைய ஃப்ரிட்ஜைக் கிராமத்து வீட்டுக்கோ மாடிக்கோ அனுப்பி, 'தண்ணி பாட்டில் வைக்க ஆச்சு' என்று ஓடவிடுவது பலருக்கும் வழக்கம். பதினைந்து வருடத்துப் பெட்டி, புதியதைப் போல இரண்டு மடங்கு கரன்ட் இழுக்கக்கூடும். நான்கு பாட்டில் தண்ணீருக்கு அது அதிக விலை. எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுங்கள். உருப்படியான விலை கிடைக்காவிட்டாலும், மின்னணுக் கழிவு எடுக்க உரிமம் உள்ளவர்களிடம் போகட்டும். காயலான் கடையில் குழாயை வெட்டி வாயுவைக் காற்றில் விடுவதைவிட அது மேல்.

ஆள் வந்து எடுத்துப் போகும் வரை கொல்லையிலோ திண்ணை ஓரத்திலோ அது கிடக்கும் என்றால், அன்றைக்கே ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கதவைக் கழற்றித் தனியாகச் சாய்த்து வையுங்கள். பூட்டு உள்ள பழைய மாடலாக இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். கண்ணாமூச்சி ஆடும் பிள்ளை உள்ளே ஒளிந்துகொண்டால், வெளியிலிருந்து யாராவது திறந்தால்தான் உண்டு.